லைசென்சு கிடைக்காத கார்: ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை

கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அது திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடுவின் பெயர் வைக்கப்பட்டது.

பாலம் திறந்ததும் சண்டையும் பிறந்து விட்டது. தெருப் பெயர்களில் இருக்கும் சாதியை எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்ட சர்க்கார், பாலத்துக்கு மட்டும் நாயுடு என்று வைக்கலாமா என்று ஒரு பக்கம் கேட்டார்கள். அப்படிச் சொல்லாவிட்டால் அவரை யாருக்குத் தெரியும் என்று மறு பக்கம் கேட்டார்கள். பத்திரிகைகளும் டெலிவிஷனும் அவரவர் சார்புக்கு ஏற்றபடி ஒரு பக்கத்தை எடுத்துக் கொண்டன.

பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு! அந்த மனிதர் எதற்காக சர்க்காரோடு மல்லுக்கு நின்றார் என்பதைப் பேசியவர்கள் குறைவு. அந்தக் கதைதான் சுவையானது.

மண்ணை வீசிய பையன்

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். 1893 மார்ச் 23-ல் நாயுடு அங்கே பிறந்தார். விவசாயக் குடும்பம். தாயை இளமையிலேயே இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி வீசினார் என்று சொல்வார்கள். படிப்பு அதோடு முடிந்தது. தோட்ட வேலைக்குப் போனார்.

ஒரு நாள் வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். ரட்ஜ் என்ற கம்பெனி வண்டி. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! பையனுக்கு அதன் மேல் ஆசை வந்து விட்டது.

ஆசைப்பட்டதோடு அவர் நிற்கவில்லை. கோயமுத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, மூன்று வருஷம் காசு சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்தது. நேராக அதே அதிகாரியிடம் போய் அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியை அக்கு அக்காகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார். அதுதான் அவர் படித்த என்ஜினீயரிங் படிப்பு.

ஒரு பஸ், பிறகு 280 பஸ்

பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். பம்பாய் வரை போனார். கைப்பொருளை இழந்து திரும்பினார்.

1920-ல் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்சின் உதவியால் ஒரு பஸ் கிடைத்தது. அதைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற கம்பெனி ஆயிற்று. 1933-ல் அதனிடம் சுமார் 280 பஸ்கள் இருந்தன.

அடுத்து, எதையும் இங்கேயே மலிவாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக் கொண்டது. மின்சார சவரக் கருவி செய்தார். அதன் பெயர் ரசான்ட். பீளமேட்டில் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937-ல் மின்சார மோட்டார் செய்தார். ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார்.

எல்லாவற்றையும் அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று இன்று அளந்து விடுகிறவர்களும் உண்டு. அது வேண்டாத புகழ். பலரோடு சேர்ந்து செய்தார். வெளிநாட்டில் பார்த்ததை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றினார். அதுவே பெரிய காரியம்தான்.

எத்தனை வருஷப் படிப்பு?

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்விக் கூடம் தொடங்கியது. நாயுடு பொருளும் உழைப்பும் கொடுத்தார். தலைமைப் பொறுப்பும் ஏற்றார். பட்டறையில் வேலை செய்தபடி கற்றால், நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடித்து விடலாம் என்பது அவர் கட்சி. ஏழை வீட்டுப் பையன் சீக்கிரம் சம்பாதிக்கப் போவான் அல்லவா?

சர்க்கார் ஒப்பவில்லை. சட்டப்படி இத்தனை வருஷம் என்றால் இத்தனை வருஷம்தான். நாயுடு பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்விக்கூடம்தான் வளர்ந்து, தடாகம் ரோட்டில் இருக்கும் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

2,000 ரூபாய் கார்

1952-ல் நாயுடு ஒரு கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய்.

காரைச் செய்து விட்டால் போதுமா? விற்பனைக்குச் செய்ய லைசென்சு வேண்டும். 1951-ல் மத்திய சர்க்கார் ஒரு தொழில் சட்டம் கொண்டு வந்தது. 1952 மே மாதம் அது அமலுக்கு வந்தது. அட்டவணையில் கண்ட தொழில்களை யார் தொடங்கலாம், எவ்வளவு செய்யலாம் என்பதை டில்லி முடிவு செய்யும். நாயுடுவின் காருக்கு லைசென்சு கிடைக்கவில்லை. வேலை நின்றது.

சர்க்கார் பக்கத்திலும் ஒரு காரணம் இருந்தது. நாடு அப்போதுதான் சுதந்திரம் அடைந்திருந்தது. இரும்பு போதவில்லை, வெளிநாட்டுப் பணம் கையில் குறைவு. இருப்பதை அவசியமான தொழிலுக்குப் பங்கிட வேண்டும் என்றார்கள். ஆனால் எது அவசியம் என்பதை வாங்குகிற ஜனங்கள் சொல்லாமல் ஆபீசில் இருக்கிறவர் சொன்னால், 2,000 ரூபாய் காருக்காகக் காத்திருந்தவன் யாரிடம் போய்க் கேட்பான்?

வரி விஷயத்திலும் நாயுடு விடவில்லை. அதிக வரியைக் கண்டித்து, தாம் செய்த பொருள்களைத் தாமே ஜனங்கள் முன்னால் போட்டு உடைத்தார் என்று கோவையில் சொல்வார்கள். அரிய பொருளை உடைப்பது சரியா என்பது வேறு விஷயம். அவர் கோபம் வீண் கோபம் அல்ல. 1970-களின் தொடக்கத்தில், மிக உயர்ந்த வருமானத்துக்கு 100 ரூபாயில் 97 ரூபாய் 75 காசு வரி என்று இருந்தது.

ஒரு தடவை சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்று பார்த்தார். தோற்றார். பெரியாருக்கு நண்பர், விஞ்ஞானி சி.வி.ராமன் அவரைப் புகழ்ந்தார். காமிராவும் கையுமாக உலகம் சுற்றினார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். பருத்தி, பப்பாளி ஆராய்ச்சியும் செய்தார்.

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். அப்போதும் லைசென்சு சட்டம் இருந்தது. 1991 ஜூலையில்தான் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்சு தேவையில்லை என்று ஆயிற்று. அந்தச் சலுகையிலும் கார் சேரவில்லை. காருக்கு லைசென்சு நீங்கியது 1993-ல்.