டார்வின் தோட்டத்தில் 357 நாற்றுகள்

சார்லஸ் டார்வினைப் பரிணாமக் கொள்கை தந்தவராகப் பள்ளியில் படித்திருப்போம். அவர் வீட்டுத் தோட்டத்தையே ஆராய்ச்சித் திடலாக்கியவர் என்பது பலருக்குத் தெரியாது.

1809-ல் பிறந்த டார்வின், 1839-ல் தாய்மாமன் மகளான எம்மாவை மணந்தார். 1842 செப்டம்பரில் லண்டனை விட்டு, அப்போது கென்ட் பகுதியில் இருந்த டவுன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். 1882-ல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். காய்கறித் தோட்டம், புல்வெளி, பின்னாளில் ஒரு பசுமைக்குடில், வீடு நிறையக் குழந்தைகள் என்று அவரது வாழ்க்கை அமைந்தது. பூக்களுக்கிடையே பறக்கும் வண்டுத்தேனீக்கள் போகும் வழியைக் கண்டறிய, பிள்ளைகளை ஆளுக்கொரு இடத்தில் நிறுத்திக் கவனிக்க வைத்தார்.

1857 ஜனவரியில் 3 அடி நீளம், 2 அடி அகலத்தில் ஒரு சிறு பாத்தியைக் கொத்திச் சுத்தம் செய்தார். குளிர் விலகும் மார்ச் முதல், தானாக முளைத்த ஒவ்வொரு களைச்செடிக்கும் அடையாளமிட்டு எண்ணி வந்தார். மொத்தம் முளைத்தவை 357. அவற்றில் 295 அழிந்துவிட்டன. அதாவது நூற்றுக்கு 80-க்கும் மேல். நெருக்கி வளர வேறு செடிகள் அங்கே இல்லை. பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளும் பூச்சிகளுமே காரணம். முளைக்கும் பருவமே ஒரு செடிக்கு மிக ஆபத்தான பருவம் என்பதை இந்தக் கணக்கு காட்டியது. 1859-ல் வெளியான தம் புகழ்பெற்ற நூலிலும் இதைச் சேர்த்தார்.

இளம் உயிர்களின் இழப்பை அவர் வீட்டுக்குள்ளும் கண்டவர். பத்துப் பிள்ளைகளில் மூவர் சிறு வயதிலேயே இறந்தனர். 1851 ஏப்ரலில் பத்து வயது மகள் ஆன்னியை இழந்தது அவரை மிகவும் உலுக்கியது. 1858 ஜூலை 1-ல் அவரது கொள்கை லண்டனில் முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது அவர் அங்கு செல்லவில்லை. கைக்குழந்தை இறந்து சில நாட்களே ஆகியிருந்தன.

நெருங்கிய உறவில் மணந்தது பிள்ளைகளைப் பாதித்ததோ என்ற கவலை அவருக்கு இருந்தது. செடிகளில் தன் மகரந்தச் சேர்க்கையையும் அயல் மகரந்தச் சேர்க்கையையும் ஒப்பிட்டு 11 ஆண்டுகள் சோதனை செய்தார். அயல் மகரந்தச் சேர்க்கையில் வந்த செடிகள் பொதுவாக உயரமும் வீரியமும் கூடியிருந்தன. 1876-ல் அதை நூலாக்கினார்.

கடைசிக் காலத்தில் மண்புழுக்களே அவருக்குத் துணை. சட்டிகளில் வளர்த்த புழுக்களுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வீடே கூடியது. எம்மா பியானோ வாசித்தார், மகன் பிரான்சிஸ் பசூன் என்ற குழல் கருவியை ஊதினார், பேரன் பெர்னார்ட் விசில் அடித்தான். புழுக்கள் அசையவில்லை. ஆனால் சட்டியைப் பியானோ மீதே வைத்ததும், அதிர்வை உணர்ந்து வளைக்குள் ஓடின.

1842-ல் மேய்ச்சல் நிலத்தில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் கழித்துத் தோண்டியபோது அவை 7 அங்குல ஆழத்தில் கிடந்தன. புழுக்கள் மேலே கொண்டுவந்து கொட்டிய மண்தான் அவற்றை மூடியிருந்தது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியே செல்கிறது என்று கணக்கிட்டு, 1881-ல் நூலாக வெளியிட்டார். அதுவே அவரது கடைசி நூல்.

டார்வினின் முறைக்குச் செலவே இல்லை. அடுத்த விதைப்பில் உங்கள் வயலிலும் 3 அடிக்கு 2 அடி இடத்தைக் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முளைத்தவை எத்தனை, வாரந்தோறும் மறைந்தவை எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். இருட்டிய பின் டார்ச் விளக்குடன் ஒருமுறை பாருங்கள். நத்தை இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். ஓரமாக ஈரச் சாக்கை விரித்து வைத்தால், அதிகாலையில் அதனடியில் ஒதுங்கியிருப்பவற்றைப் பொறுக்கி அழிக்கலாம். எண்ணும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், விரும்பிச் செய்வார்கள். மருந்து வாங்கப் போகும் முன், இழப்பு எவ்வளவு, யாரால் என்பது உங்கள் கையில் கணக்காக இருக்கும்.