பழைய நகருக்குக் குடிபெயர்ந்தவர்

செலவு-பயன் ஆய்வைக் கல்லூரியில் பயிற்றுவித்தபோதெல்லாம் நான் எடுத்துக்காட்டியது தஞ்சைக் கோட்டைப் பகுதியைத்தான். அங்கிருந்த நெரிசலான குடியிருப்புகளை ஊடறுத்து நேர்கோட்டுச் சாலைகள் அமைக்க 1915 வாக்கில் சுகாதாரத் துறையினர் திட்டமிட்டிருந்தனர். முதற்பகுதிக்கு மட்டும் 30,000 ரூபாய் ஆகும். அதே இடத்தை 5,000 ரூபாயில் சீர்செய்யலாம் என்று மதிப்பிட்டார் ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ்.

1854-இல் பிறந்த கெடிஸ் உயிரியல் பயின்றவர். மெக்சிகோவில் ஆய்வு செய்தபோது சில காலம் பார்வை இழந்தார்; நுண்ணோக்கியைத் தொடர்ந்து பயன்படுத்த இயலாமற்போகவே, அவர் நாட்டம் சமூகத்தின்பால் திரும்பியது.

எடின்பரோவில் புதிய நகரம் எழுந்ததும் வசதி படைத்தோர் பழைய நகரை விட்டு வெளியேறினர். ஆடம் ஸ்மித்தின் நண்பரான டேவிட் ஹியூம் ஒருகாலத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட், ஒரு நூற்றாண்டில் ஏழைகளின் நெருக்கடியான இருப்பிடமாயிற்று. 1886-இல் அன்னா மார்ட்டனை மணந்த கெடிஸ், விரைவிலேயே அங்குக் குடியேறினார். அண்டைவீட்டாரோடு சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்தார், முற்றங்களைத் துப்புரவாக்கினார். மிகவும் சிதைந்த கட்டடங்களை மட்டும் அகற்றிக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிசெய்து, எஞ்சியவற்றைப் பழுதுபார்க்கச் செய்தார். 1887-இல் மாணவர் விடுதி தொடங்கினார். பின்னர், கோட்டையருகே ராம்சே கார்டன் குடியிருப்பை உருவாக்கிப் பேராசிரியர்களையும் அழைத்து வந்தார். எல்லாத் தரப்பினரும் ஒரே தெருவில் வாழ்ந்தால்தான் நகரின் நடுப்பகுதி பிழைக்கும் என்பது அவர் கருத்து.

கடன் பெருகியதால் அவருடைய சொத்துகளை ஏற்று நடத்த 1896-இல் ஒரு நிறுவனமே தொடங்க வேண்டியதாயிற்று. கணக்கு வழக்கில் அவர் கெட்டிக்காரர் அல்லர். செம்மைப்படுத்திய இடத்தில் விலையும் வாடகையும் ஏறுமே, ஏழை எப்படி நிலைப்பான் என்ற கேள்விக்கும் அவர் முழு விடை கண்டதாக எனக்குத் தோன்றவில்லை. இன்று ராம்சே கார்டன் வீடுகள் சாமானியர்க்கு எட்டாதவை.

1914-இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையில் குண்டு வீசிய அதே எம்டன் மூழ்கடித்தது. புதிதாகத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். பின்னர் தஞ்சை, மதுரை உள்ளிட்ட நகரங்களின் தெருக்களை நடந்தே அளந்தார். பாழடைந்த வீட்டை எடுத்துவிடு, குளத்தைத் தூர்க்காதே, குடியிருப்போரை அகற்றாதே என்பதே அவர் அறிக்கைகளின் சாரம். வெளியேற்றப்பட்டோர் வேறிடத்தில் மேலும் நெருங்கி வாழ்வர். வாடகையும் உயரும் என்று எச்சரித்தார். சென்னை ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது, அவர்கள் இழந்த வேலையையும் பேருந்துக்குச் செலவிடும் காசையும் திட்டச் செலவில் சேர்த்திருக்க வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

1917-இல் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் மாண்டார். நோயுற்றிருந்த மனைவிக்கு அச்செய்தியைச் சொல்லாமல் மறைத்தார் கெடிஸ். சில வாரங்களில் அவரும் இந்தியாவிலேயே மறைந்தார். ஆயினும் பணி நிற்கவில்லை. 1918-இல் இந்தூர் அறிக்கை வெளிவந்தது. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் பேராசிரியரானார். 1932-இல், தென் பிரான்சின் மோன்பெலியே நகரில், தாமே நிறுவிய மாணவர் இல்லத்தில் காலமானார்.