ஓட்டுநர் பார்க்கும் திரைக்கு ஒரு முன்கதை

லண்டன் பாதாள ரயிலின் விக்டோரியா லைன்ல கார்டு கிடையாது. 1968-ல திறந்தப்பவே அப்படித்தான். எட்டுப் பெட்டிக்கும் ஓட்டுநர் ஒருத்தர்தான். கதவு மூடும்போது யாரோட கோட்டாவது, பையாவது மாட்டிக்கிட்டா? அவர் இறங்கி ஓடிப் பார்க்க முடியாது. இப்போ ஓடுற ரயில்கள்ல, பிளாட்ஃபார்ம் கேமராக்கள் காட்டுறது அவர் கேபின் திரையிலேயே தெரியும். அதைப் பார்த்துட்டுதான் வண்டியை எடுப்பார். ஒரு உயிர் அந்தச் சின்னத் திரையை நம்பி இருக்கு.

எங்கேயோ நடக்கிறதை அதே நேரத்துல திரையில பார்க்கலாம்னு உலகத்துக்குச் செஞ்சு காட்டினவர் ஜான் லோகி பேர்டு.

1888-ல ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பர்க் ஊர்ல பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல படிக்கும்போது முதல் உலகப் போர் வந்தது. பட்டத்தை முடிக்கவே இல்லை. உடம்பும் அடிக்கடி படுத்தும். சாக்ஸ் வித்தார், டிரினிடாட் போய் ஜாம் காய்ச்சினார், சோப்பு வித்தார். எதுலயும் நிலைக்கல.

1923-ல ஹேஸ்டிங்ஸ் ஊர்ல ஆராய்ச்சி ஆரம்பிச்சார். லேப் வசதி எதுவும் இல்லை. தேயிலைப் பெட்டி, தொப்பி வச்சிருந்த அட்டைப்பெட்டி, சைக்கிள் விளக்கு லென்ஸ், தையல் ஊசி, அரக்கு. இதுதான் அவரோட பார்ட்ஸ் லிஸ்ட்!

ஐடியா என்னன்னா, சுருள் வரிசையில துளை போட்ட தட்டைச் சுத்தணும். ஒவ்வொரு துளையும் படத்தின் ஒரு வரியைப் படிக்கும். வெளிச்சம் மின்சாரமா மாறிப் போகும். மறுமுனையில இன்னொரு தட்டு அதே வேகத்துல சுத்தணும். வேகம் கொஞ்சம் பிசகினாலும் படம் கலைஞ்சிடும்.

1925 அக்டோபர்ல ஒரு பொம்மையோட முகம் தெளிவா தெரிஞ்சது. உடனே கீழ்த்தளத்துக்கு ஓடி, ஆபீஸ் பையனைக் கூட்டிட்டு வந்து கேமரா முன்னாடி உட்கார வச்சார். 1926 ஜனவரி 26 அன்னைக்கு, லண்டன் சோஹோவில அறிவியலாளர்கள் முன்னாடி இயக்கிக் காட்டினார்.

ஆனா ஜெயிச்சது வேற தொழில்நுட்பம். 1937-ல பிபிசி அவர் முறையைக் கைவிட்டு, மார்க்கோனி-இஎம்ஐ நிறுவனத்தின் 405 வரி எலக்ட்ரானிக் முறையை எடுத்துக்கிச்சு. பேர்டு சும்மா உட்காரல. கலர் டிவி பக்கம் திரும்பி, 1944-ல எலக்ட்ரானிக் கலர் படக்குழாயையே காட்டினார். 1946-ல இறந்தார்.

இன்னைக்கு ரயில் கேபின்ல சுழல் தட்டு இல்லை. ஆனா படத்தை வரி வரியா படிச்சு அனுப்பி, மறுமுனையில பிசகாம சேர்க்கிற வேலை அப்படியே இருக்கு. உங்க ப்ராஜெக்ட்டுக்கு பட்ஜெட் இல்லைன்னு ஒதுக்கி வைக்கிறதுக்கு முன்னாடி, அந்தத் தேயிலைப் பெட்டியை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.