நந்தனார் பெயரில் ஒரு விடுதி

பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர் என்று மலை ஊர்களிலிருந்து வெளியே போய்ப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு விடுதிதான் இரண்டாவது வீடு. அப்படியொரு வீட்டை நமக்காக முன்னரே கட்டியவர்களில் ஒருவர் சுவாமி சகஜானந்தர்.

1890 சனவரி 27இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்த படிப்பு பாதியில் நின்றது. கோலார் தங்கவயலுக்குப் போனார். பிறகு துறவியாகி, 1910இல் சிதம்பரம் வந்தார். 1916இல் 25 பிள்ளைகளோடு பள்ளி தொடங்கினார். தூரத்துச் சேரிப் பிள்ளைகள் தங்கி, உண்டு, படிக்க விடுதியும் வந்தது. அதற்காக நன்கொடை திரட்டினார்.

பணம் கொடுத்தவர் பெயரைக் கட்டடத்துக்கு வைப்பது ஊர் வழக்கம். அவர் வைத்ததோ, தில்லைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாரின் பெயரை. வெளியே நின்றவர் பெயரைச் சொல்லித்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைந்தார்கள். சட்டமன்றத்திலும் நமக்காகப் பேசிய அவர், 1959 மே 1இல் மறைந்தார்.

விடுதிச் சோறு தின்று வேலைக்குப் போன நம்மில் பலர், பெற்றோர் நினைவு நாளில் விடுதிப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுகிறோம். சனவரி 27 அன்றும் ஒரு பந்தி வைப்போம். பரிமாறும்போது முனுசாமியின் கதையையும் சொல்வோம்.