செய்திகளைச் சோதித்தவர், ஒரு செய்தியால் சோதிக்கப்பட்டவர்: இமாம் புகாரி (ரஹ்)

ஆரணியை அடுத்த படவேட்டில் பட்டு நெசவு தெரிந்த ஒருவரிடம் சரிகையைக் கொடுத்து அசல்தானா என்று கேட்டுப் பாருங்கள். மினுமினுப்பை மட்டும் பார்த்து அவர் பதில் சொல்ல மாட்டார். இழையை லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். அசல் சரிகையென்றால் வெள்ளிக்கு அடியில் சிவப்புப் பட்டு நூல் தெரியும். பல ஆயிரம் ரூபாய் சேலை என்பதால் இந்தக் கவனம்.

ஆனால் கைபேசியில் வரும் செய்தியை நாம் அப்படிச் சுரண்டிப் பார்க்கிறோமா? ஒரு மனிதரின் மானத்தையோ ஓர் ஊரின் அமைதியையோ கெடுக்கக்கூடிய செய்தியைக்கூட அடுத்த நொடியே பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். பிறகு நம் பிள்ளைகள் நம்மிடமே கேட்கிறார்கள்: எந்தப் பத்திரிகையை நம்புவது? எந்தத் தொலைக்காட்சி பாரபட்சம் இல்லாதது?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுவதையும் பதிலாகத் தந்தவர் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள்.

ஹிஜ்ரி 194, ஷவ்வால் மாதம் 13-ஆம் நாள் (கி.பி. 810), இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரில் அவர்கள் பிறந்தார்கள். இயற்பெயர் முஹம்மது. தந்தை இஸ்மாயீல் அவர்களும் ஹதீஸ் கற்றவர்தாம். மகன் சிறுவனாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட, தாயாரே வளர்த்து ஆளாக்கினார். பத்து வயதை ஒட்டி ஹதீஸ்களை மனனம் செய்யத் தொடங்கினார்கள்.

சுமார் பதினோரு வயதில் ஒரு நிகழ்ச்சி. ஊரின் ஆசிரியர் ஒருவர் ஹதீஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, அதை அபூ ஸுபைர் என்பவர் இப்ராஹீம் என்பவரிடமிருந்து அறிவித்ததாகச் சொன்னார். உடனே சிறுவர் முஹம்மது, அபூ ஸுபைர் இப்ராஹீமிடமிருந்து எதையும் அறிவிக்கவில்லையே என்றார். ஆசிரியர் அதட்டினார். மூலப் பிரதியைப் பார்த்துவிடுங்கள் என்று சிறுவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஆசிரியர் உள்ளே போய்ப் பார்த்தார். சிறுவர் சொன்னதுதான் சரி. அது ஸுபைர் இப்னு அதீ என்ற வேறொருவர். ஆசிரியர் தன் ஏட்டைத் திருத்திக்கொண்டார்.

சொன்னவர் பெரியவர் என்பதற்காகச் செய்தி சரியாகிவிடாது. அந்தப் பிள்ளைக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. தவறு எனத் தெரிந்ததும் திருத்திக்கொண்ட அந்த ஆசிரியரிடமும் நமக்குப் பாடம் உண்டு.

பதினாறு வயதில் தாயாருடனும் அண்ணனுடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். அவர்கள் ஊர் திரும்ப, இவர்கள் கல்விக்காக அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு மதீனா, பஸரா, கூஃபா, பக்தாத், ஷாம், எகிப்து என்று நீண்ட பயணங்கள். ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்களிடம் கேட்டு எழுதினார்கள்.

அந்தக் காலத்தில் நபி (ஸல்) அவர்களின் பெயரைச் சொல்லிப் பலரும் பல செய்திகளைப் பரப்பிவந்தார்கள். அரசியல் லாபத்துக்காக இட்டுக்கட்டியவர்கள் இருந்தார்கள். கூட்டம் சேர்க்கக் கதை கட்டியவர்கள் இருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு, ஆனால் நினைவுத் தடுமாற்றத்தோடு சொன்னவர்களும் இருந்தார்கள். இவற்றுக்கிடையே சரியானவற்றை மட்டும் ஒரு நூலாகத் தொகுத்தால் நன்றாக இருக்குமே என்று ஆசிரியர் இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) அவர்களின் சபையில் பேச்சு வந்தது. அது இமாம் அவர்களின் மனதில் தைத்தது.

பதினாறு ஆண்டுகள் உழைத்தார்கள். ஆறு லட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்ததாகக் குறிப்பிடப்படுகிறது. இவை ஆறு லட்சம் தனித்தனிச் செய்திகள் அல்ல. ஒரே செய்தி பத்து வழிகளில் வந்தால் அது பத்து அறிவிப்புகளாக எண்ணப்படும். நூலில் இடம்பெற்றவை ஏறத்தாழ 7,500. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கழித்தால் சுமார் 2,600. ஒவ்வொன்றையும் எழுதுமுன் குளித்து, இரண்டு ரக்அத் தொழுது, அல்லாஹ்விடம் நல்வழி கேட்டார்கள்.

ஸஹீஹுல் புகாரிக்கான அளவுகோல்கள் கடுமையானவை. செய்தியைச் சொன்னவர் யார், உண்மை பேசுபவரா, நினைவாற்றல் உள்ளவரா, யாரிடமிருந்து கேட்டார் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் பார்த்தார்கள். இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தது மட்டும் போதாது. நேரில் சந்தித்ததற்குச் சான்று வேண்டும் என்றார்கள். இதற்காகவே அறிவிப்பாளர்களின் வரலாற்றை அத்தாரீகுல் கபீர் என்ற பெரும் நூலாக எழுதினார்கள். அதை எழுதத் தொடங்கியபோது அவர்களுக்கு வயது பதினெட்டு.

இத்தனை கண்டிப்பிலும் நாவைக் காத்தார்கள். பலவீனமான ஒருவரைப் பற்றி எழுதும்போது, பெரும்பாலும் இவர் விஷயம் ஆராயப்பட வேண்டியது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே நேரத்தில் தம் கருத்துக்கு மாறானவர் என்பதற்காக யாரையும் ஒதுக்கவில்லை. காரிஜிய்யாக் கொள்கையுடைய இம்ரான் இப்னு ஹித்தான் அறிவித்த செய்தியும் ஸஹீஹுல் புகாரியில் உண்டு. அவருடைய கொள்கை ஏற்கத்தக்கதல்ல. ஆனால் அவர் பொய் சொல்பவர் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பாரபட்சமின்மை.

இப்படிப்பட்டவரையே சோதிக்காத ஒரு செய்தி வீழ்த்தியது.

ஹிஜ்ரி 250-இல் அவர்கள் நைஸாபூர் வந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது. அங்கிருந்த பெரும் அறிஞர் முஹம்மது இப்னு யஹ்யா அத்துஹ்லீ அவர்களே, போய் அவரிடம் ஹதீஸ் கேளுங்கள் என்று மக்களை அனுப்பினார்கள். குர்ஆன் தொடர்பான ஒரு விவாதம் அப்போது கொதித்துக்கொண்டிருந்த நேரம். சபையில் ஒருவர் எழுந்து, குர்ஆனை ஓதும் நம் உச்சரிப்பு படைக்கப்பட்டதா என்று கேட்டார். இமாம் அவர்கள் பதில் சொல்லாமல் தவிர்த்தார்கள். அவர் விடாமல் கேட்டார். குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு, அது படைக்கப்பட்டதல்ல. மனிதனின் செயல்கள்தாம் படைக்கப்பட்டவை என்று கவனமாக விளக்கினார்கள்.

சபை கலைவதற்குள் அந்தப் பதில் பல வடிவங்கள் எடுத்தது. அவர்கள் சொல்லாத வாசகம் அவர்கள் பெயரில் ஊரெங்கும் பரவியது. அப்படி நான் சொல்லவே இல்லை என்று பின்னர் தெளிவாக மறுத்தார்கள். ஆனால் மறுப்பு போகும் வேகத்தைவிட வதந்தி போகும் வேகம் அதிகம். புகாரியிடம் செல்பவர் என் சபைக்கு வர வேண்டாம் என்று அத்துஹ்லீ அறிவித்துவிட்டார்கள். கூட்டம் கரைந்தது. இமாம் முஸ்லிம் (ரஹ்) போன்ற வெகு சிலரே உடன் நின்றார்கள். அத்துஹ்லீ அவர்களிடம் தாம் எழுதிய ஏடுகளையெல்லாம் இமாம் முஸ்லிம் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இமாம் புகாரி அவர்கள் பழிக்குப் பழி வாங்கவில்லை. அத்துஹ்லீ அவர்களிடமிருந்து கேட்ட ஹதீஸ்கள் ஸஹீஹுல் புகாரியில் இன்றும் இருக்கின்றன. தம்மை நோகடித்தவர் என்பதற்காக அவர் சொன்ன உண்மை பொய்யாகிவிடவில்லை.

சொந்த ஊரான புகாராவுக்குத் திரும்பினார்கள். அங்கே ஆளுநர் காலித் இப்னு அஹ்மது, தன் பிள்ளைகளுக்குத் தனியாக மாளிகையில் வந்து பாடம் நடத்தச் சொன்னார். கல்வி எல்லோருக்கும் பொது, வேண்டியவர்கள் பள்ளிவாசலுக்கு வரட்டும் என்று மறுத்தார்கள். அதனால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். நைஸாபூரில் கிளம்பிய அந்தப் பழிச்சொல் இங்கும் அவர்களுக்கு எதிராகப் பயன்பட்டது.

சமர்கந்துக்கு அருகே கர்தங்க் என்ற சிற்றூரில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். ஹிஜ்ரி 256-இல் (கி.பி. 870) நோன்புப் பெருநாள் இரவில் அவர்களின் உயிர் பிரிந்தது. பெருநாளன்று லுஹருக்குப் பின் நல்லடக்கம் நடந்தது. பிறை ஆண்டுக் கணக்கில் 62 வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன.

அவர்களுடைய நூல் இன்று கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. நம் மதரஸாக்களில் புகாரி ஷரீஃப் ஓதி முடிப்பதைப் பெரும் பாக்கியமாகக் கருதுகிறோம். அந்த நூலை உருவாக்கிய முறையையும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாமா?

எந்தச் செய்தி ஊடகமும் முழுக்க நம்பத்தக்கது என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் இமாம் அவர்கள் கேட்ட கேள்விகளை நாமும் கேட்கலாம். இதை முதலில் சொன்னவர் யார்? அவர் நேரில் பார்த்தாரா, இன்னொருவர் சொன்னதைச் சொல்கிறாரா? இதற்கு முன் தவறு செய்தபோது வெளிப்படையாகத் திருத்திக்கொண்டாரா? இதனோடு தொடர்பில்லாத வேறொருவரும் இதையே சொல்கிறாரா? நமக்குப் பிடித்தவர் சொன்னதால் நம்புகிறோமா, பிடிக்காதவர் என்பதால் மறுக்கிறோமா? ஒரு மனிதரைப் பற்றிய செய்தி என்றால் அவரிடமே கேட்டோமா?

நைஸாபூர் மக்கள் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பதிலையும் நம்பியிருந்தால், அந்த மாமேதை தம் கடைசி நாட்களை ஊர் ஊராக அலைந்து கழித்திருக்க மாட்டார். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் திருக்குர்ஆன் வசனம் (49:6) அவர்களுக்கும் மனப்பாடமாகத்தான் இருந்தது.

கேட்டதைத் தீர விசாரித்து, உண்மையை மட்டுமே பிறருக்குக் கொண்டுசேர்க்கும் நன்மக்களாக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.