வெள்ளம் அடித்துச் சென்ற அணை மறுபடி எழுந்தது எப்படி? சர்வர் கிராஷ் பார்த்தவர்களுக்குப் புரியும் பென்னிகுயிக் கதை

மதுரை, தேனிப் பக்கம் ஆட்டோவிலும் டீக்கடையிலும் ஒரு வெள்ளைக்காரர் படத்தைப் பார்த்திருப்பீங்க. முறுக்கு மீசை, கம்பீரமான முகம். அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டும்போதே அது பலமுறை உடைந்ததும், அவர் அதைச் சரிசெய்த விதமும் அவ்வளவாகத் தெரியாது.

யார் இவர்?

1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. 1849-ல் சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்தபோது, இவருக்கு எட்டாவது பிறந்தநாள் வர இரண்டு நாள் இருந்தது. இங்கிலாந்தில் ராணுவப் பொறியியல் படித்துவிட்டு, 1860-ல் சென்னை மாகாணத்துக்கு வேலைக்கு வந்தார்.

பிரச்சினை என்ன?

வைகையை நம்பிய மதுரைச் சமவெளி அடிக்கடி காய்ந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். மலைக்கு அந்தப் பக்கமோ பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்தது. அந்த நீரைக் கிழக்கே திருப்பும் யோசனை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. 1808-ல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், இது நடக்காது என்று கைவிரித்தார். 1882-ல் திட்டம் பென்னிகுயிக் கைக்கு வந்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887-ல் வேலை தொடங்கியது.

ஏன் உடைந்தது?

சர்வர் உதாரணம் இங்கே உதவும். எழுத வேண்டிய தரவு முதலில் மெமரியில் வரிசை கட்டும். டிஸ்க் எழுதித் தீர்ப்பதைவிட வேகமாகப் புதுத் தரவு வந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் ரைட் எரர், அடுத்து கிராஷ். காரணம் பார்க்காமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்தால், அடுத்த பீக் நேரத்தில் மறுபடி படுத்துவிடும்.

பெரியாறிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். இரண்டு பருவமழையும் அங்கே கொட்டும். சுண்ணாம்புக் கலவை இறுகும் முன்பே வெள்ளம் வந்துவிடும். தற்காலிகத் தடுப்புகளும் புதிதாகப் போட்ட கட்டுமானமும் பலமுறை அடித்துச் செல்லப்பட்டன.

எப்படிச் சரிசெய்தார்?

முதலில், லோடைக் குறைத்தார். ஆற்றைத் தற்காலிகத் தடுப்புகளால் ஒதுக்கி, தண்ணீர் இல்லாத பகுதியில் அஸ்திவாரம் போட்டார். நீர் குறைந்த மாதங்களில் வேலையை முடுக்கினார்.

இரண்டாவது, பொருள். சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்ந்த சுர்க்கிக் காங்கிரீட்டை நடுவில் நிரப்பி, இரு முகப்பிலும் கருங்கல் கட்டினார். தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் அணை இது.

மூன்றாவது, நிரம்பி வழிந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்தார். உபரி நீர் அணையின் தலைமேல் ஏறாமல் போக தனியாக மறுகால். மதுரைக்கான நீர் போக, மலையைக் குடைந்து ஒன்றரை கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம்.

என்ன விலை?

காட்டில் மலேரியா வாட்டியது. நோயால் மட்டும் 480-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களும் சேர்ந்து கட்டிய அணை இது. பென்னிகுயிக் மனைவியின் நகைகளை விற்றுக் கட்டினார் என்ற கதை ஊர் முழுக்க உண்டு. ஆனால் அதற்கு உறுதியான ஆவணச் சான்று யாரும் காட்டவில்லை. அந்தக் கதை இல்லாமலேயே அவர் சாதனை பெரிதுதான்.

பிறகு?

1895 அக்டோபர் 10-ல் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் சேர்ந்து, பேரணையிலிருந்து கால்வாயில் பிரிந்து வாடிப்பட்டி, மேலூர் வயல்களுக்குப் போனது. பென்னிகுயிக் இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரித் தலைவரானார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நதி வெள்ளத்துக்கும் ஆலோசனை சொன்னார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் காலமானார்.

இன்றும் ஜனவரி 15-ல் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அணையின் பலம் குறித்துத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் வழக்கு நீண்டது. 1979-க்குப் பிறகு காங்கிரீட் போர்த்தியும் கம்பிவடம் இறக்கியும் அணை பலப்படுத்தப்பட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதித்தது. 130 ஆண்டு பழைய சிஸ்டத்துக்கும் பராமரிப்பு தேவைப்படத்தான் செய்யும்.