அப்பளப் பாட்டின் உட்பொருள்: திருச்சுழி இரமணரின் வாழ்வை முன்வைத்து

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழி, சுந்தரர் பதிகம் பெற்ற பாண்டிநாட்டுத் தலம். வானம் பார்த்த பூமி. அவ்வூரில் வழக்குரைத்து வாழ்ந்த சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமனே பிற்காலத்தில் இரமண மகரிஷி என அறியப்பட்டார். 1892இல் தந்தை மறைந்தபின் மதுரையில் சிற்றப்பன் இல்லத்தில் தங்கிப் பயின்றார். பாடநூல்களில் பற்றுக்கொள்ளாத அம்மாணவரை ஈர்த்த நூல் பெரியபுராணம். 1896 ஜூலையில் நேர்ந்த மரண அனுபவம் அவரைப் பள்ளியினின்று பிரித்தது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார்.

1898இல் பவழக்குன்றில் மகனைக் கண்டு அழைத்துச்செல்ல முயன்ற அழகம்மை, எழுத்தில் கிடைத்த மறுப்போடு திரும்பினார். ஆயினும், 1914இல் மலைக்கு வந்த அன்னை கடுங்காய்ச்சலுற்றபோது, அவர் பிழைக்க வேண்டி அருணாசலத்தின்மீது செய்யுள் இயற்றியவரும் அதே மகனே. துறவு இவரிடத்தில் தாயன்பின் மறுப்பாக அமையவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா. பின்னர் மகனுடனேயே தங்கிவிட்ட அன்னை, இரந்துண்டு வாழ்ந்தோரின் உறைவிடத்தில் அடுப்பு மூட்டினார். அப்பளம் இடத் துணைக்கு அழைத்த அன்னைக்கு மகன் அளித்த விடையே அப்பளப் பாட்டு.

சிறுவர்க்கும் விளங்கும் சமையற்குறிப்பு போன்றது அப்பாட்டு. உடலாகிய நிலத்தில் விளைந்த உளுந்து, நான் என்னும் முனைப்பு. அதனை உடைக்கும் திரிகை, தன்னைத் தேடும் விசாரம். நல்லோர் இணக்கம் பிரண்டைச் சாறாகிறது. சமம் சீரகமாகவும் தமம் மிளகாகவும் உபரதி உப்பாகவும் சேர்கின்றன. பெருங்காயத்தை நல்வாசனை என்றவிடத்தில் சிலேடை நயமுடையது: மணமும் மனப்பதிவும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இடித்த மாவு பலகையில் பரந்து, மௌனமாகிய பாத்திரத்தில், பிரம்மமாகிய நெய்யில் பொரிகிறது. வேலிதோறும் பிரண்டை படரும் வறள்நிலத்திலிருந்து வந்த அன்னைக்கு இவற்றுள் அயலான பொருள் ஒன்றுமில்லை.

இவ்வுத்தி தமிழுக்குப் புதிதன்று. மகளிர் விளையாட்டையும் சுண்ணம் இடித்தலையும் மாணிக்கவாசகர் அம்மானை, சாழல், பொற்சுண்ணம் எனப் பாடுபொருளுக்கு வடிவமாக்கினார். எளிய பாட்டில் உரைகாரர் தம் கொள்கையை ஏற்றிப் பொருள் காண்பதும் நம் மரபில் உண்டு. அப்பளப் பாட்டு அதற்கு இடந்தரவில்லை. எப்பண்டம் எதனைக் குறிக்கும் என்பதைப் பாடியவரே உடன் சொல்லிச் செல்கிறார். மறைபொருள் என்று இதனை வழங்குவது ஒருவகையில் பொருந்தாது. அடுக்களையை அறிந்தார்க்கு மெய்ந்நூற் கலைச்சொற்களைப் பயிற்றும் பாடமாகவே இது அமைகிறது.

1922 மே 19 அன்று கந்தாசிரமத்தில், மகனின் கைகள் நெஞ்சிலும் தலையிலும் பதிந்திருக்க அழகம்மை மறைந்தார். மலையடிவாரத்தில் அவரது சமாதியைச் சூழ்ந்தே ஆசிரமம் வளர்ந்தது. அதன் சமையற்கூடத்தில், விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்குவோருடன் இரமணரும் பல ஆண்டுகள் அமர்ந்திருந்தார்.